சபைத் தலைவர்களும் தாழ்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதகர், ஆயர், மூப்பர், ஓய்வுநாள் பள்ளியை நடத்துகிறவர், பாடகர் குழுவை நடத்துகிறவர் என்று சபையில் பொறுப்பில் இருக்கும் எல்லாரையும் இங்கே ‘தலைவர்’ என்றே சொல்லியிருக்கிறேன். ஊழியத்தில் இருந்த ஆண்டுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சிலவற்றை இரவு தூக்கம் வராமல் நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தாழ்மை எல்லா விசுவாசிகளுக்கும் வேண்டியதுதானே? தலைவர்களுக்கு மட்டும் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்?

எல்லாருக்கும் வேண்டியதுதான். ஆனால் மற்றவர்களின் பெருமையை வீடும் வேலையிடமும் அன்றாடம் தட்டிக்கொண்டே இருக்கும். மேலதிகாரி தட்டுவார், மனைவி தட்டுவார், வளர்ந்த பிள்ளைகள் தட்டுவார்கள். சபைத் தலைவரின் பெருமைக்கோ ‘ஆமென்’ கிடைக்கிறது. முக்கால் மணி நேரம் ஒருவர் பேசுகிறார், ஒருவரும் குறுக்கே பேசுவதில்லை. முடிந்ததும் வாசலில் நின்று கை குலுக்கிப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். வாரம் தவறாமல் இது நடந்தால் யாருக்குமே தன் குரலும் தேவனுடைய குரலும் ஒன்றுதான் என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

அதனால் தாழ்மையை நான் ஒரே ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன். உங்களிடம் வந்து “நீங்கள் செய்தது தவறு” என்று சொல்லக்கூடியவர் யார்? அவர் கடைசியாக அப்படிச் சொன்னது எப்போது? இதற்குப் பதிலாக ஒரு பெயரும் ஒரு நாளும் நினைவுக்கு வராத தலைவர் எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் ஆபத்தில்தான் இருக்கிறார். அவருடைய சபையும் அப்படித்தான்.

தாழ்மையாக இருந்தால் கோழை என்று நினைத்து ஏறி மிதித்துவிட மாட்டார்களா?

இந்தப் பயம் பழையது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் ‘தாழ்ந்த’ என்ற சொல் பெரும்பாலும் இழிவான சொல்லாகவே வழங்கியது. அடிமைக்கும் கீழ்நிலையில் இருப்பவனுக்கும் உரிய குணம் என்று நினைத்தார்கள். கௌரவம்தான் அந்த உலகத்தின் நாணயம். பிலிப்பி நகரம் ரோமக் குடியேற்றம், அங்கே ரோமக் குடியுரிமை பெரிய பெருமை. அந்த ஊர் சபைக்குத்தான் பவுல், கிறிஸ்து அடிமையின் ரூபமெடுத்தார், சிலுவையின் மரணபரியந்தமும் தம்மைத் தாழ்த்தினார் என்று எழுதினார். சிலுவை ரோமக் குடிமகனுக்குக் கொடுக்கத் தயங்கிய தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்கு எப்படிச் சுரீரென்று இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோழைத்தனத்துக்கு வருவோம். பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று எண்ணாகமம் 12-ஆம் அதிகாரம் சொல்வது மோசேயை. எகிப்தின் ராஜாவான பார்வோன் முன்னால் போய் நின்றவரும் அவரே. அதே மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்றார். எத்திரோ இஸ்ரவேலன்கூட இல்லை, மீதியான் தேசத்து ஆசாரியன். “நான் தேவனோடு முகமுகமாய்ப் பேசுகிறவன், நீர் எனக்குச் சொல்ல வருகிறீரா?” என்று மோசே கேட்கவில்லை. மாமன் சொன்னபடியெல்லாம் செய்தார். பார்வோனுக்கு அஞ்சாதவர் மாமனின் பேச்சுக்குப் பணிந்தார். கோழையிடம் இது நேர்மாறாக இருக்கும்: பலமானவனுக்குப் பணிவான், சொந்தக்காரனிடம் சீறுவான்.

அப்படியானால் தலைவர் யாரையும் கண்டிக்கவே கூடாதா?

கண்டிக்க வேண்டிய நேரத்தில் கண்டிக்கத்தான் வேண்டும். அந்தியோகியாவில் புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

பவுலின் தைரியத்தைப் பற்றி நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். நான் பேதுருவைப் பார்க்கச் சொல்வேன். அவர் மூத்த அப்போஸ்தலர்; இயேசுவோடு நடந்தவர். பவுல் பிந்தி வந்தவர், ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்தியவர். அப்படிப்பட்டவரிடம் பலர் முன்னிலையில் திட்டு வாங்கியது மட்டுமல்ல, அது எழுத்திலும் பதிந்து சபைகளுக்குள் சுற்றியது. பேதுருவின் இரண்டாம் நிருபம் அதே பவுலை எப்படிச் சொல்கிறது? ‘நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்’ என்கிறது. அந்தப் பேதுருதான் தம்மை ‘உடன்மூப்பன்’ என்று சொல்லிக்கொண்டு, மந்தையை இறுமாப்பாய் ஆளாதீர்கள் என்று மற்ற மூப்பர்களுக்கு எழுதினார். அவருக்கு அப்படி எழுதும் தகுதி இருந்தது.

‘அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே’ என்று வேதம் சொல்கிறதே, போதகரைக் கேள்வி கேட்கலாமா?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் பயந்த குரலில் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். அபிஷேகம் என்றால் ஒருவரைத் தேவனுடைய வேலைக்கென்று பிரித்து நிறுத்துவது.

“நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்” என்பது 105-ஆம் சங்கீதத்தின் 15-ஆம் வசனம். அதற்கு முந்திய மூன்று வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். கொஞ்சம் பேராக, சொந்த மண் இல்லாமல், தேசம் தேசமாக அலைந்த பரதேசிகள். யாரிடம் பேசப்படுகிறது? ராஜாக்களிடம். பலமுள்ளவர்கள் பலமில்லாதவர்களை நசுக்கக் கூடாது என்று தேவன் போட்ட வேலி அது. இன்று அதே வசனத்தை மைக் பிடித்திருப்பவர், மைக் இல்லாதவர்களை அடக்கப் பயன்படுத்துகிறார். வசனம் தலைகீழாகிவிட்டது.

அடுத்து, தாவீதைச் சொல்வார்கள். அபிஷேகம் பெற்ற ராஜாவான சவுல் குகையில் தம் கையில் சிக்கியும் தாவீது அவரைக் கொல்லவில்லை, உண்மைதான். ஆனால் அப்புறம் என்ன நடந்தது? குகையைவிட்டு வெளியே வந்து சவுலுக்குப் பின்னால் நின்று சத்தமாகக் கூப்பிட்டார். சவுலோடு வந்திருந்தவர்கள் தெரிந்தெடுக்கப்பட்ட 3,000 பேர். சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, என் கையில் பொல்லாப்பு இல்லை, நீரோ என் பிராணனை வாங்க அலைகிறீர், கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுவே நியாயம் விசாரிப்பாராக என்று முறையிட்டார். கைவைக்கவில்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டுப் பிரசங்கிப்பது தாவீதுக்குச் செய்யும் அநியாயம்.

புதிய ஏற்பாட்டில் அபிஷேகம் ஒரு சிலருக்கு மட்டும் உரியதே அல்ல. யோவான் தம் முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நீங்கள் அபிஷேகம் பெற்றிருக்கிறீர்கள் என்று எழுதுவது சபையார் எல்லாருக்கும். மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டை என்ன செய்வது என்று பவுல் தீமோத்தேயுவுக்குத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே. பொய்ப் புகாரிலிருந்து தலைவரைக் காக்கிற நல்ல சட்டம் இது. அடுத்த வசனமே, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. முதல் வசனத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவிட்டு இரண்டாவதை அலமாரியில் வைத்துவிடக் கூடாது.

நான் நெருங்கி அறிந்த ஒரு சபையில் கணக்கைப் பற்றி ஒரு சகோதரர் கேட்டார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பிரசங்கம் கோராகைப் பற்றி, மோசேக்கு எதிராக எழும்பி பூமி வாய் திறந்து விழுங்கிய அந்தக் கோராகைப் பற்றி. பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குடும்பத்தோடு சபையை விட்டுப் போனார். அவர் பிள்ளைகள் இன்றுவரை எந்தச் சபைக்கும் போவதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன், எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெருமை எப்போது நுழைகிறது?

பெரும்பாலும் நன்றாக நடக்கும்போதுதான். உசியா ராஜாவைப் பாருங்கள்: 16 வயதில் சிங்காசனம், 52 வருஷ ஆட்சி, கோபுரங்கள், கிணறுகள், அலங்கத்தின்மேல் அம்பு எய்யும் யந்திரங்கள். “அவன் பலப்பட்டபோது” அவன் மனம் மேட்டிமையானது என்று 2 நாளாகமம் 26 சொல்கிறது. ஆசாரியர் மட்டுமே செய்யவேண்டிய தூபங்காட்டலைத் தானே செய்யப் போனார். அசரியாவும் அவரோடு 80 ஆசாரியர்களும் உள்ளே போய்த் தடுத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தூபகலசத்தை எடுத்தபோதே குஷ்டம் வரவில்லை. தடுத்தவர்கள்மேல் அவர் கோபங்கொண்டபோதுதான் நெற்றியில் தோன்றியது. அந்த 80 பேரும் அவருக்குக் கிடைத்த கிருபை. அவர்களை எதிரிகளாகப் பார்த்தார்.

கூட்டம் பெருகும்போது, கட்டடம் எழும்பும்போது, பெயர் பரவும்போது, தலைவர் தன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மறுத்துப் பேசினவர்கள் இன்னும் பக்கத்தில் இருக்கிறார்களா?

போலித் தாழ்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்றவர்களிடம் தேடுவதைவிட நம்மிடமே தேடுவது நல்லது. “நான் ஒன்றுமில்லாதவன், புழு, தூசி” என்று மேடையில் சொல்வது எளிது. அதையே வேறொருவர் நம்மைப் பார்த்துச் சொன்னால் முகம் எப்படி மாறுகிறது என்பதில் தெரிந்துவிடும். மாயமான தாழ்மை என்று ஒன்று உண்டு, கொலோசெயரில் பவுல் அதை எச்சரிக்கிறார்.

பவுலின் வார்த்தைகள் வேறு மாதிரி. கொரிந்தியருக்கு எழுதும்போது அப்போஸ்தலர் எல்லாரிலும் சிறியவன் என்றார். எபேசியரில் பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன். தீமோத்தேயுவுக்கு எழுதியபோது பாவிகளில் பிரதான பாவி. ஊழியம் வளர வளர அவர் தம்மைப் பற்றிச் சொல்வது சிறுத்துக்கொண்டே போகிறது. வெறும் பேச்சும் அல்ல. காரணத்தோடு சொன்னார்: நான் சபையைத் துன்பப்படுத்தினேன், நான் தூஷித்தேன் என்று. பொதுவாக ‘நான் பாவி’ என்பவரைவிட, ‘நேற்றைய கூட்டத்தில் அந்தத் தம்பியிடம் நான் பேசியது தவறு’ என்பவரை நான் நம்புவேன்.

பட்டங்கள், அங்கிகள், முன்வரிசை இருக்கை எல்லாம் தவறா?

பட்டத்தைவிட அது இல்லாதபோது என்ன ஆகிறது என்பது முக்கியம். பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட மறந்த அழைப்பிதழைப் பார்த்துக் கோபப்படுகிறவர், முதன்மையான இடங்களையும் பட்டங்களையும் விரும்புகிறவர்களை இயேசு கண்டிக்கும் மத்தேயு 23-ஐ ஒருமுறை மெதுவாக வாசிக்கலாம். 590 முதல் 604 வரை போப்பாக இருந்த முதலாம் கிரிகோரி, கொன்ஸ்தாந்திநோபிள் பேராயர் உலகளாவிய பட்டம் ஒன்றை வைத்துக்கொண்டதை எதிர்த்தார். தமக்கு ‘தேவனுடைய ஊழியக்காரரின் ஊழியக்காரன்’ என்ற பெயரை வழக்கமாக்கிக்கொண்டார். போப்புகளுக்கு இன்றும் அந்தப் பட்டம் உண்டு. ஊழியக்காரன் என்பதுகூட நாளடைவில் ஒரு பட்டமாகிவிடும் என்பதையும் இதிலேயே பார்க்கலாம்.

பெரிய வியாழன் அன்று கால் கழுவுகிறோமே, அது வெறும் சடங்கா?

சடங்கே ஆனாலும் நல்ல சடங்கு. 2013-இல் போப் பிரான்சிஸ் பதவியேற்ற சில நாட்களிலேயே, பேராலயத்துக்குப் பதிலாக ரோமிலுள்ள இளம் குற்றவாளிகள் சிறைக்குப் போய்ப் 12 பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அதைப் பார்த்த பலருக்கு யோவான் 13-ஆம் அதிகாரம் புதிதாகக் கேட்டது.

அந்த அதிகாரத்தில் என்னை அசைப்பது ஒரு சின்ன விவரம். இயேசு கால் கழுவிய சீஷர்களில், அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் இருந்தார். இயேசுவுக்கு அது தெரியும். பழகிய கால்களை, முன்கூட்டியே கழுவிக்கொண்டு வந்த கால்களைக் கழுவுவது சுலபம். நம்மைப் பற்றிப் புறம்பேசுகிறவருடைய காலை?

பண விஷயத்தில் தாழ்மை எப்படி இருக்கும்?

‘என்னை நம்புங்கள்’ என்று சொல்லாமல் கணக்கைக் காட்டும். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பவுல் தாமே தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷர் முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்றார். பவுலையே சந்தேகப்படுவார்களா என்று நாம் கேட்கலாம். சந்தேகப்பட வழியே இருக்கக் கூடாது என்று அவர் நினைத்தார்.

1948-இல் அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவரோடு ஊழியம் செய்தவர்களும் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் கூடி, சுவிசேஷகர்கள் எதில் விழுகிறார்கள் என்று பட்டியலிட்டு, நான்கு விஷயங்களில் எச்சரிக்கையாக இருக்கத் தீர்மானித்தார்கள்: பணம், ஒழுக்கம், உள்ளூர் சபைகளைக் குறைசொல்வது, கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவது. ‘நாங்கள் விழமாட்டோம்’ என்று நினைத்திருந்தால் அந்தப் பட்டியலே வந்திருக்காது.

தலைவர் தவறு செய்துவிட்டால் சபை முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டுமா? மரியாதை போய்விடாதா?

சவுலும் ‘பாவஞ்செய்தேன்’ என்றார், தாவீதும் ‘பாவஞ்செய்தேன்’ என்றார். சவுல் அதோடு சேர்த்து, ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டார். மரியாதை போகக் கூடாது என்பதுதான் அவர் கவலை. தீர்க்கதரிசி நாத்தான் தாவீதின் பாவத்தைச் சுட்டிக்காட்டி “நீயே அந்த மனுஷன்” என்றபோது தாவீது தீர்க்கதரிசியை வெளியே தள்ளச் சொல்லியிருக்கலாம், அதிகாரம் இருந்தது. “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

எல்லாருக்கும் தெரிய நடந்த தவறை எல்லாருக்கும் முன்பாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒருவரைக் காயப்படுத்தியிருந்தால் முதலில் அவரிடம் போக வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகளையோ பெண்களையோ துன்புறுத்தியது, பணத்தைக் கையாடியது போன்றவற்றுக்கு மேடையில் அழுது மன்னிப்புக் கேட்பது போதாது. பதவியிலிருந்து இறங்க வேண்டும். சட்டப்படி விசாரணை நடக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் போய், ‘தாழ்மையாயிரு, மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே’ என்பது, தலைவரிடம் இருக்க வேண்டிய தாழ்மையை அடிபட்டவரின் தோளில் சுமத்துவது. அது கொடுமை.

எங்கள் போதகரிடம் பெருமை தெரிகிறது. நான் சாதாரண விசுவாசி. என்ன செய்யலாம்?

நீங்கள் பார்ப்பது பெருமையா, உங்களுக்குப் பிடிக்காத ஒரு சுபாவமா என்று முதலில் யோசியுங்கள். கூச்சமுள்ள போதகரைப் பலர் ‘தலைக்கனம்’ என்கிறார்கள். பெருமைதான் என்றால் மத்தேயு 18 காட்டும் வழி: வேறு யாரிடமும் பேசுவதற்கு முன்னால் அவரிடமே தனியாகப் போங்கள். அவர் கேட்காவிட்டால் ஒருவரிருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் மேலே சொன்னது போன்ற துன்புறுத்தலில் தனியாகப் போய்ப் பேச வேண்டிய கடமை பாதிக்கப்பட்டவருக்கு இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், ஆராதனைக்குத் தாமதமாக வந்த பாடகர் குழுவைப் பிரசங்க மேடையிலிருந்தே திட்டிவிட்டேன். வயதான ஒரு அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார், ஜெபம் செய்தார், பிறகு, “தம்பி, நீங்க சொன்னது சரிதான். சொன்ன இடம்தான் தப்பு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் போன பிறகு வெகுநேரம் தனியாகச் சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தேன், நான் செய்தது சரி என்று. ராத்திரிக்குள் அது ஓய்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அதே மேடையில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா அன்று வராமல் இருந்திருந்தால், அடுத்த முறை இன்னும் சத்தமாகத் திட்டியிருப்பேன்.

வயதில் இளையவர்களிடம் ஆலோசனை கேட்பது தலைவருக்கு அழகா?

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையில், முக்கியமான விஷயம் வந்தால் மடத்தின் தலைவர் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்று வைத்தார். நல்லதைக் கர்த்தர் பல நேரம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அவர் சொன்ன காரணம். வேதத்தில் வல்லவரான அப்பொல்லோ, கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அழகுதான்.

எப்போது விலகி வழிவிட வேண்டும்?

வயதுக்கணக்கு ஒன்றும் என்னிடம் இல்லை. 2013 பிப்ரவரியில் பதினாறாம் பெனடிக்ட், இந்தப் பொறுப்புக்கு என் பலம் போதவில்லை என்று சொல்லிப் போப் பதவியிலிருந்து விலகினார். ஏறக்குறைய 600 ஆண்டுகளாக எந்தப் போப்பும் விலகியதில்லை. பலம் குறைந்ததைத் தாமே சொல்ல முடிவது பெரிய காரியம். “அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்” என்று யோவான் ஸ்நானகன் சொன்னது, தம் சீஷர்கள் வந்து, இயேசுவைப் பற்றி ‘எல்லாரும் அவரிடத்தில் போகிறார்கள்’ என்று குறைபட்டபோது. நம் ஆட்கள் பக்கத்துச் சபைக்குப் போகும்போது நாம் என்ன சொல்கிறோம்?

எனக்குப் பிடித்த முன்மாதிரி பர்னபா. பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலைக் கண்டு எல்லாரும் பயந்தபோது கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனவர். தர்சுவுக்குப் போய்த் தேடி அழைத்து வந்து ஊழியத்தில் சேர்த்தவர். அப்போஸ்தலர் 13-இன் தொடக்கத்தில் ‘பர்னபாவும் சவுலும்’ என்று இருக்கிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் ‘பவுலும் பர்னபாவும்’ ஆகிவிடுகிறது. பர்னபா அதைப் பற்றி முணுமுணுத்ததாக ஒரு வரிகூட இல்லை.

பின்பு, முந்திய ஊழியப் பயணத்தில் தங்களோடு வந்த மாற்குவை மறுபடியும் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் இருவருக்கும் கடுமையான தர்க்கம் வந்து பிரிந்தார்கள். பாதியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்றார் பவுல். பர்னபா மாற்குவைச் சேர்த்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். வருஷங்கள் போயின. மரணத்தை எதிர்பார்த்துச் சிறையில் இருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: “மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.”